மழலையர் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகள்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் டேகேர், ஹெட் ஸ்டார்ட் (வருமானம் குறைந்த குடும்பங்களின் மழலையருக்கான அரசுத் திட்டம்), ப்ரீ-கே, கிண்டர்கார்டன் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் தங்கள் முடியோடும் தோலோடும் பேச்சோடும் வீட்டுப் பழக்கங்களோடும் இயல்பாக இருக்க ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதே இந்தப் பக்கத்தின் பொருள். அங்கே உதவி ஆசிரியர்களாக வேலை பார்க்கும் தமிழர்களையும், பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நிறமெல்லாம் தெரியுமா? நாமே போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோமோ?

தெரியும். தினமும் பார்த்துப் பழகிய இனத்து முகங்களை மூன்று மாதக் கைக்குழந்தையே கூடுதல் நேரம் பார்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று, நான்கு வயதில் நிறத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. எந்த நிறத்துக்கு மதிப்பு என்பதையும் சுற்றியிருக்கும் பொம்மை, படம், பெரியவர்களின் முகக்குறிப்பு ஆகியவற்றிலிருந்து பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நாம் வாய் திறக்காவிட்டாலும் அந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இதற்கு அழுத்தமான சான்று தந்தவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி. 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகள் முன் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. நிறம் தவிர எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எதோடு விளையாட ஆசை என்று கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் மேற்கோள் காட்டியது. இந்த ஆய்வை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளிடம் ஏதோ குறை இருப்பதாகப் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஊரும் பள்ளியும் கடைப் பொம்மைகளும் எதைக் காட்டினவோ அதையே அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அதனால்தான் வேலையை வகுப்பறையில் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

சுவரொட்டியிலிருந்து வேண்டாம். பிள்ளை தரையில் உட்கார்ந்தால் எதெல்லாம் கண்ணில் படுகிறது என்று அந்த உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பொம்மை மூலை, புத்தகக் கூடை, கட்டைகளோடு இருக்கும் சின்ன மனித உருவங்கள், புதிர்ப் பலகைகள், வேடம் போடும் துணிகள், பெயர்ப் பலகையில் ஒட்டிய படங்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பொம்மைகள் இருந்தால் இரண்டு மூன்றாவது கறுப்பினப் பொம்மைகளாக இருக்கட்டும். அவற்றிலும் ஒன்று ஆழ்ந்த நிறம், ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிர் பழுப்பு என வேறுபாடு வேண்டும். வாங்கும்போது முகத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே பழுப்புச் சாயம் ஊற்றியவை நிறைய விற்கின்றன. மூக்கும் உதடும் முடியும் கறுப்பின முகத்துக்கு உரியவையாக இருந்தால்தான் பிள்ளை அதில் தன்னைக் காணும். வாங்கி வைத்த பிறகு ஒரு வாரம் கவனியுங்கள். எந்தப் பொம்மை எப்போதும் சட்டையில்லாமல் பெட்டியின் அடியில் கிடக்கிறது? அதை எடுத்து உடுத்தி, நீங்களே விளையாட்டில் சேர்த்துப் பெயர் வைத்துக் கூப்பிடுங்கள். ஆசிரியர் மடியில் உட்கார்ந்த பொம்மைக்கு மறுநாளே மவுசு வந்துவிடும்.

புத்தகங்களில் என்ன பார்ப்பது?

1965-இல் அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக், மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 6.7 விழுக்காட்டில்தான் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருந்தது. 1985-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் கணக்கெடுத்தது. அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 நூல்களில் 18 மட்டுமே கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது வரைந்தவை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் வகுப்பு அலமாரிகளில் பழைய சரக்கே அதிகம்.

தேர்வுக்கு எங்கள் அளவுகோல் எளியது. கறுப்பினப் பிள்ளை மழையில் நனைகிற, தம்பியோடு சண்டை போடுகிற, பல் விழுந்த, பாட்டி வீட்டுக்குப் போகிற சாதாரணக் கதைகள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அலமாரியில் இருப்பதெல்லாம் அடிமை முறையும் போராட்டமும் பற்றியதாக இருந்தால், கறுப்பினத்தவர் என்றாலே துன்பம் என்ற எண்ணம் எல்லாப் பிள்ளைகள் மனதிலும் பதியும். ஆப்பிரிக்கா பற்றிய நூலில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். லாகோஸ், நைரோபி போன்ற நகரங்களின் பேருந்தும் அடுக்குமாடியும் பள்ளிச் சீருடையும் அங்கே காணக் கிடைக்க வேண்டும்.

தோல் நிற ஓவியம் செய்தோம், எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஏன்?

பழுப்பில் கறுப்பைக் கொட்டியிருப்பீர்கள். கறுப்புச் சாயம் பழுப்பின் உயிரை எடுத்துவிடும். வெள்ளையை அதிகம் சேர்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும்.

நீரில் கரையும் டெம்பரா வண்ணத்தில் இப்படிச் செய்யுங்கள்: இரண்டு மேசைக்கரண்டி பழுப்பை அடிப்படையாக எடுங்கள். ஆழ்ந்த நிறத்துக்கு ஒரு சொட்டு நீலமும் ஒரு சொட்டு சிவப்பும் சேர்த்துக் கலக்குங்கள். அதற்கும் ஆழம் போதாவிட்டால் மட்டும் பல்குச்சி நுனியில் கறுப்பு. பொன்னிறச் சாயல் வேண்டுமானால் மஞ்சள். வெளிர் நிறங்களுக்கு வெள்ளையில் பழுப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்; பழுப்பில் வெள்ளையை ஊற்றினால் வண்ணம் நிறைய வீணாகும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், குழல்விளக்கில் எல்லாத் தோலும் பச்சையடித்துத் தெரியும். கையில் தடவிப் பார்க்காமல் ஒரு காகிதத் துண்டில் தீட்டி, காய்ந்த பிறகு முன்கையோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கவும். ஈரத்தில் இருக்கும் நிறமும் காய்ந்த நிறமும் வேறு.

கலந்த நிறத்துக்குப் பிள்ளையே பெயர் வைக்கட்டும். சாக்லேட், கேரமல் என்று தின்பண்டமாகவே போகாமல் மரப்பட்டை, ஈர மண், ஆற்றுக் கல், விதை ஆகியவற்றையும் மேசையில் வைத்தால் பெயர்கள் விரியும். 'தோல் நிற' கிரயானைக் கொடு என்று ஒரு பிள்ளை கேட்டால், 'யார் தோல் நிறம்?' என்று கேளுங்கள். கிரயோலா நிறுவனம் அந்தப் பெயரில் விற்ற வெளிர் நிறத்தை 1962-இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. 2020-இல் 24 தோல் நிறங்கள் கொண்ட பெட்டியையும் வெளியிட்டது. பேச்சு வழக்கில்தான் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

முடி விஷயத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

மற்ற எதையும்விட இதில்தான் வகுப்புகள் அதிகம் தவறுகின்றன.

கார்ன்ரோ (தலையை ஒட்டி வரிசையாகப் பின்னுவது), பாக்ஸ் பிரெய்ட் (கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் தனிப் பின்னல்கள்), லாக்ஸ் (கயிறுபோல் திரண்ட முடி), ஆஃப்ரோ பஃப் (சுருள் முடியைப் பந்துபோல் கட்டுவது) ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. ஒரு பிள்ளைக்கு பாக்ஸ் பிரெய்ட் போட அம்மாவோ பாட்டியோ அத்தையோ பல மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடையில் போட்டால் பெரிய செலவு. பல வாரம் இருக்க வேண்டிய அந்தப் பின்னலில் மணல் தொட்டியின் மணல் ஏறினால் உதறிவிட்டுப் போக முடியாது. சுருள் முடியின் வேர் வரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சேர்க்கைப் படிவத்திலேயே எல்லாக் குடும்பங்களிடமும் கேளுங்கள்: மணல், நீர், வண்ண விளையாட்டின்போது தலைக்கு என்ன போட வேண்டும்? கிளிப்போ ரப்பரோ கழன்றால் நாங்கள் திரும்பப் போடலாமா? தூங்கும்போது சாட்டின் என்ற வழவழப்பான துணியாலான தொப்பி வேண்டுமா? பருத்தித் தலையணை முடியின் ஈரத்தை உறிஞ்சி, உராய்ந்து முறிக்கும். அதனால்தான் சாட்டின். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொட்டிலில் தூங்கவைக்கும்போது தலையில் எதுவும் இருக்கக் கூடாது. பாதுகாப்பான தூக்கத்துக்கான விதி அது.

பின்னலில் கோத்த மணிகள் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும். அதற்காக மணியே போடக் கூடாது என்று தடை போடாதீர்கள். கைக்குழந்தைகளும் பெரிய பிள்ளைகளும் கலந்திருக்கும் இடத்தில் தரையை அடிக்கடி பாருங்கள். விழுந்த மணியைப் பெயரெழுதிய உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். குப்பையில் போட்டால் குடும்பம் அதை மறக்காது.

தொடுவது பற்றி ஒரே விதி: கேட்காமல் யாரும் யார் தலையையும் தொடக் கூடாது. ஆசிரியருக்கும் அதே விதிதான். 'பஞ்சு மாதிரி இருக்கே' என்று எல்லோரும் வரிசையில் நின்று தொட்டால், ஆசையாகச் செய்தாலும் அந்தப் பிள்ளை காட்சிப்பொருளாகிறது. 'அவளுடைய முடி அவளுடையது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் இந்தப் பொம்மையின் முடியைத் தொட்டுப் பார்' என்று திருப்பிவிடுங்கள்.

விளையாட்டு சலூன் வைப்பது நல்ல யோசனை. அகலப் பல் சீப்பு, தண்ணீர் தெளிப்பான், சாட்டின் தொப்பி, டூராக் (தலையை இறுக்கிக் கட்டும் துணி), கழுவி மூடியை ஒட்டிய எண்ணெய்ப் புட்டிகள், பின்னல் அலங்காரப் படங்கள், இவ்வளவு போதும். சீப்பு பொம்மைகளுக்கு மட்டும். பிள்ளைகள் ஒருவர் சீப்பை ஒருவர் பயன்படுத்தினால் தலையில் படர்தாமரை பரவும், பேனும் வரும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். முடியின் இயல்பையும் பின்னலையும் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை 2019-இல் முதலில் நிறைவேற்றியது கலிபோர்னியா. பிறகு பல மாநிலங்கள் தொடர்ந்தன. 'முடி ஒழுங்காக இருக்க வேண்டும்' என்று உங்கள் பள்ளிக் கையேட்டில் பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஆழ்ந்த நிறத் தோலில் உடல்நலக் குறிகளைக் கவனிப்பதில் வேறுபாடு உண்டா?

உண்டு. முதலுதவிப் படங்கள் பெரும்பாலும் வெளிர் தோலையே காட்டுகின்றன. ஆழ்ந்த நிறத்தில் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். விரலால் தடவிச் சூட்டையும் மேட்டையும் பாருங்கள். மூச்சுத் திணறலில் நீலம் பாரிப்பதை உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவற்றில் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலையைக் கண்வெள்ளையில் பாருங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். கறுப்பின, ஆசியக் குழந்தைகள் பலருக்கு முதுகின் அடியிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலச் சாம்பல் திட்டுகள் இருக்கும். சில ஆண்டுகளில் தாமாக மங்கிவிடும். இதை அடிபட்ட காயம் என்று நினைத்துக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் புகார் போனால் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. சேர்க்கை நாளிலேயே பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, இடத்தையும் அளவையும் உடல் வரைபடத்தில் குறித்துத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் இந்தத் திட்டு சகஜம் என்பதால் தமிழ்ப் பெற்றோரும் கேட்டுச் செய்யலாம்.

பொம்மை, புத்தகம் எல்லாம் மாற்றிவிட்டோம். போதுமா?

போதாது. ஒரு பிள்ளை தினமும் நான்கு முறை பெயர் சொல்லி அதட்டப்படுகிற வகுப்பில், சுவரில் யார் படம் தொங்கினாலும் பயனில்லை.

அமெரிக்கக் கல்வித் துறையின் 2013-14 கணக்கின்படி, அரசு மழலையர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 19 விழுக்காடு. ஆனால் வீட்டுக்கு அனுப்பித் தண்டிக்கப்பட்டவர்களில் அவர்கள் 47 விழுக்காடு. 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று காரணத்தின் ஒரு நுனியைக் காட்டியது. மழலையர் ஆசிரியர்கள் உள்ளிட்ட 135 பேரிடம் ஒரு காணொளியைக் காட்டி, யாராவது முரண்டு பிடிக்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னார்கள். அதில் கறுப்பினப் பையன், கறுப்பினப் பெண், வெள்ளைப் பையன், வெள்ளைப் பெண் என நால்வர். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. கண் அசைவுக் கருவி, ஆசிரியர்களின் பார்வை கறுப்பினப் பையன் மீதே அதிகம் தங்கியதைப் பதிவு செய்தது. யாருக்கு அதிகக் கவனம் தேவைப்பட்டது என்று கேட்டபோது 42 விழுக்காட்டினர் அவனையே சுட்டினர். கறுப்பின ஆசிரியர்களின் பார்வையும் அவன் பக்கமே சாய்ந்தது. தேடிப் பார்க்கிற இடத்தில் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். தேடாத இடத்தில் நடந்தது தப்பிப் போகும்.

சரிசெய்யும் வழி, இரண்டு வாரக் குறிப்பேடு. பிள்ளையைக் கண்டித்த ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், யார் பார்த்தார், என்ன நடந்தது, பிறகு என்ன செய்தோம் என்று எழுதுங்கள். 'மரியாதையில்லை', 'முரடன்' போன்ற சொற்கள் கூடாது. 'கட்டையைப் பிடுங்கினான்' என்று வினையை மட்டும் எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சக ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரே செயலுக்கு ஒரு பிள்ளைக்கு 'போகட்டும்', இன்னொரு பிள்ளைக்குத் தனி நாற்காலியா? எந்த நேரத்தில் அதிகம்? கைகழுவும் வரிசை, வெளியே போகக் காத்திருக்கும் நேரம் என்றுதான் பெரும்பாலும் வரும். அப்படியானால் மாற வேண்டியது அட்டவணை. இருபது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் ஐந்து ஐந்தாக அனுப்புங்கள். நான்கு வயதினரைக் கம்பளத்தில் உட்கார வைப்பதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள்.

அடுத்து, கட்டளையின் வடிவம். பல கறுப்பின வீடுகளில் 'உட்கார்' என்றால் உட்கார வேண்டும். 'உட்கார விருப்பமா?' என்று டீச்சர் கேட்டால் பிள்ளை அதை உண்மையான கேள்வியாக எடுத்து 'இல்லை' என்கிறது. உடனே அது அடங்காத பிள்ளையாகிறது. தெரிவு இல்லாத இடத்தில் அன்பாக, நேராகச் சொல்லுங்கள். உரத்த குரலையும், கதை கேட்கும்போதே இடையில் பதில் கொடுப்பதையும் குறுக்கீடாகக் கொள்ளாதீர்கள். ஒருவர் அழைக்க மற்றவர் பதில் கொடுப்பது கறுப்பினத் தேவாலயத்திலும் பாட்டிலும் ஊறிய மரபு. அதையே பயன்படுத்தலாம். கானாவின் அக்கான் மக்களிடமிருந்து வந்த 'ஆகோ' என்ற அழைப்புக்கு 'ஆமே' என்று பதில் சொல்லும் முறையைப் பல வகுப்புகள் கவனம் திருப்பக் கையாள்கின்றன. எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கைதட்டும் விளையாட்டுகளும் இரட்டைக் கயிறு தாண்டுதலும் எண்ணிக்கைக்கும் தாளத்துக்கும் அருமையான பாடங்கள்.

ஹெட் ஸ்டார்ட் வகுப்புகளில், 2016 விதிகளின்படி, நடத்தையைக் காரணம் காட்டிப் பிள்ளையை நீக்கவே முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிள்ளை 'தப்பான' ஆங்கிலம் பேசினால் திருத்த வேண்டாமா?

அது தப்பான ஆங்கிலம் அல்ல, ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம். அதற்கு இலக்கணம் உண்டு. 'ஹி பி ரீடிங்' என்றால் அவன் வழக்கமாகப் படிப்பவன் என்று பொருள். 'ஹி ரீடிங்' என்றால் இப்போது படிக்கிறான். பிள்ளை சொன்னதற்கு முதலில் பதில் கொடுங்கள். பிறகு அதே கருத்தை உங்கள் வாக்கியத்தில் இயல்பாக வைத்துப் பேச்சைத் தொடருங்கள். நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைத்தால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்து வாசிப்புக் கற்பிக்க வேண்டும் என்று மிச்சிகனின் ஆன் ஆர்பர் பள்ளி வழக்கில் 1979-இலேயே நீதிமன்றம் சொன்னது. பேச்சுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கும் முன், அது பேச்சு வழக்கின் வேறுபாடா, பேச்சுக் குறைபாடா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிபுணரைக் கேளுங்கள்.

'நீ அழுக்கு நிறம், இளவரசியாக முடியாது' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால்?

'ஷ்ஷ்' என்று அடக்கிவிட்டுப் போகாதீர்கள். அடக்கினால் கறுப்பு என்பதே வாயில் வரக்கூடாத விஷயம் என்று இரண்டு பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். முதலில் காயப்பட்ட பிள்ளையிடம் போங்கள்: 'அது உண்மையில்லை. உன் தோல் சுத்தமாக, அழகாக இருக்கிறது.' பிறகு சொன்ன பிள்ளையிடம், அவமானப்படுத்தாமல், விவரமாகச் சொல்லுங்கள்: 'எல்லோர் தோலிலும் மெலனின் இருக்கிறது. அதிகம் இருந்தால் நிறம் ஆழமாக இருக்கும். கழுவினால் போவதில்லை, அழுக்கும் இல்லை. நிறத்தைச் சொல்லி யாரையும் விளையாட்டிலிருந்து தள்ளுவது இந்த வகுப்பில் கிடையாது.' மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைவிட அந்த விளையாட்டில் நீங்களும் போய் உட்கார்வது பலன் தரும். இரண்டு குடும்பங்களுக்கும் அன்றே சொல்லுங்கள். மறுநாள் பிள்ளை வழியாகத் தெரியவந்தால் உங்கள்மேல் நம்பிக்கை போய்விடும்.

பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடுகிறோமே?

கொண்டாடுங்கள். வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1926-இல் ஒரு வாரமாகத் தொடங்கினார். 1976 முதல் மாதமாக நடக்கிறது. அந்த மாதம் முடிந்ததும் படங்களைக் கழற்றிப் பெட்டியில் போடுவதுதான் பிழை. ஓவியம் என்றால் கறுப்பின ஓவியர் அல்மா தாமஸின் வண்ணத் தீற்றல்களைச் செப்டம்பரிலேயே செய்யலாம். வாஷிங்டனில் பல்லாண்டு பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்தவர் அவர். வடிவக் கணக்குக்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைவிட நல்ல கருவி இல்லை.

விழாக்களில் ஊகம் வேண்டாம். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை வரும் குவான்சா என்ற கறுப்பினப் பண்பாட்டு விழா 1966-இல் தொடங்கியது. எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் கொண்டாடுவதில்லை. ஹைட்டியக் குடும்பத்துக்கு ஜனவரி 1 விடுதலை நாள், அன்று பூசணி சூப். சோமாலியக் குடும்பத்துக்குப் பெருநாள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடிமை முறை பற்றி எப்போது, எப்படிச் சொல்வது?

அதிலிருந்து தொடங்க வேண்டாம். பிள்ளை கேட்டால் மறைக்கவும் வேண்டாம். ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்: 'வெகுகாலம் முன் சில வெள்ளையர்கள் கறுப்பின மக்களின் சுதந்திரத்தைப் பறித்து, கூலி கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். அது பெரிய அநியாயம். கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள், தப்பினார்கள், போராடினார்கள். வேறு பலரும் சேர்ந்தார்கள். இப்போது அப்படிச் செய்யச் சட்டம் விடாது.' பருத்தி பறிப்பது, கப்பலில் அடைவது போன்ற நடிப்பு விளையாட்டுகள் எந்த வயதிலும் கூடாது. அவை கறுப்பினப் பிள்ளையை அவமானத்திலும் மற்றவர்களை வேடிக்கையிலும் விடும்.

ரோசா பார்க்ஸ் கதையைக் கால் வலித்த பாட்டியின் கதையாகச் சொல்லாதீர்கள். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு 42 வயது. கறுப்பின உரிமை இயக்கத்தின் உள்ளூர்க் கிளையின் செயலாளர். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழச் சொன்னபோது, நன்கு தெரிந்தேதான் எழ மறுத்தார். தொடர்ந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பேருந்தில் ஏறாமல் ஒன்றாக நடந்த மக்களைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிறது.

வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளைதான். அல்லது ஒருவர்கூட இல்லை.

ஒருவரும் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன எல்லாம் தேவை. ஒரே பிள்ளை என்றால், கறுப்பினக் கதை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி விடாதீர்கள். 'உன்னை மாதிரியே' என்று சுட்டவும் வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே இப்படிப்பட்ட கதைகள் வாரந்தோறும் வந்தால் அது வழக்கமாகிவிடும்.

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. பழுப்பு கிரயான் உங்கள் பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக்கக் கூடாது. சிவப்புத் தோலைக் கொண்டாடும் நம் வழக்கம் வேறு, அடிமை முறையும் இனப் பிரிவினைச் சட்டங்களும் தாங்கி வந்த மக்களின் அனுபவம் வேறு. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா', 'வெயில்ல போகாத, கறுத்துடுவ' என்று வீட்டில் கேட்கும் பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கறுப்பினத் தோழியிடம் சொல்கிறது. அந்தப் பேச்சை நிறுத்துவது வீட்டின் பொறுப்பு. 1965-இன் குடியேற்றச் சட்டம் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. நம்மவர்கள் பெருமளவில் அமெரிக்கா வர வழி திறந்தது அந்தச் சட்டம்தான் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் தங்களை வரையும்போது எந்த கிரயானை எடுக்கிறார்கள்? எந்தப் பொம்மைக்கு அடிபிடி? குறிப்பேட்டில் ஒரே பிள்ளையின் பெயர் குறைந்திருக்கிறதா? கறுப்பினப் பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டு உடனே போய்விடுகிறார்களா, நின்று பேசுகிறார்களா? அவர்களிடம் நேரடியாகவும் கேளுங்கள். 'திருப்தியா?' என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் வரும். 'உங்கள் பிள்ளை இந்த வகுப்பைப் பற்றி வீட்டில் கடைசியாகச் சொன்னது என்ன?' என்று கேளுங்கள். வந்த பதிலை அப்படியே எழுதி, அடுத்த வாரத் திட்டக் கூட்டத்தில் முதலில் படியுங்கள்.